வீணைக்கும் சலங்கைக்கும் இடையில் ஒரு தாய்



பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின் விழாவில் புலவர்களைப் பற்றியும் காப்பியங்களைப் பற்றியும் சான்றோர் பலர் உரையாற்றுகின்றனர். இவ்வுரை ஒரு தாயைப் பற்றியது. அவர் கவிதை எழுதியவர் அல்லர். அரங்கின் நடுவிடத்தில் நின்றவரும் அல்லர். புகழ்பெற்ற ஒரு தாய்க்கு மகளாகப் பிறந்து, புகழ்பெற்ற ஒரு மகளுக்குத் தாயாக வாழ்ந்து மறைந்தவர். தஞ்சாவூர் ஜெயம்மாள் என்பது அவர் பெயர். அவர் எடுத்த அரியதொரு முடிவு அரங்கேறிக் கனிந்த ஊர் நம் காஞ்சிபுரம். ஆதலின் அவரை நினைவுகூரும் கடமை இந்நகர்க்குச் சிறப்பாக உண்டு.

காஞ்சிக்கு வந்த பேத்தியர் இருவர்

பாட்டி, தாய், பேத்தி என்னும் மூவரையும் ஒரே கதையில் நிறுத்திக் காட்டும் தமிழ்க் காப்பியம் மணிமேகலை. சித்திராபதி பாட்டி, மாதவி தாய், மணிமேகலை பேத்தி. தன் பேத்தி ஆடரங்கு ஏறவேண்டும், குலத்தொழில் அறாமல் தொடரவேண்டும் என்பது சித்திராபதியின் வேட்கை. கோவலன் இறந்த செய்தி கேட்டுத் துறவு பூண்ட மாதவியோ, மணிமேகலை கண்ணகியின் மகள், தவநெறிக்கே உரியவள் என்று கூறி மறுத்துவிடுகிறாள். பாட்டி அரங்கிற்கு அழைக்கிறாள், தாய் தடுக்கிறாள், பேத்தி தாய் காட்டிய வழியில் நடக்கிறாள். பல ஊர்களைக் கடந்து, கையில் அமுதசுரபியுடன் காஞ்சி மாநகர்க்கு வந்து சேர்கிறாள். மழைவளம் இழந்து வாடிய மக்களின் பசியைத் தீர்க்கிறாள். அறவண அடிகளிடம் அறம் கேட்டு, இந்நகரிலேயே நோன்பு மேற்கொள்கிறாள். இது காப்பியம் சொல்லும் கதை.

இதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, 1925ஆம் ஆண்டில், இன்னொரு பேத்தி காஞ்சிக்கு வந்தாள். ஏழு வயதுச் சிறுமி. இந்நகரத்து அம்மன் கோயில் ஒன்றில், காலில் சலங்கை கட்டி, முதன்முதலாக அவையோர் முன் ஆடினாள். பின்னாளில் உலகம் போற்றிய பரதக் கலைஞர் பாலசரசுவதியே அச்சிறுமி. அவருடைய பாட்டி வீணை தனம்மாள். தாய் ஜெயம்மாள்.

இங்கே கதை தலைகீழாகிவிட்டது. மணிமேகலையில் ஆடச் சொன்னவள் பாட்டி, தடுத்தவள் தாய். தனம்மாளின் வீட்டிலோ தயங்கித் தடுத்தவர் பாட்டி; ஆடச் சொன்னவர் தாய். இரண்டு வீடுகளிலும் அன்பு குறைவில்லை. ஆயினும் அந்த அன்பு எடுத்த முடிவுகள் எதிரெதிராக அமைந்தன. இந்த மாற்றத்திற்குக் காரணம் என்ன என்று ஆராய்வதே ஜெயம்மாளின் வாழ்வை அறிந்துகொள்ளும் வழி.

பாட்டியார் தனம்மாள்

தனம்மாள் 1867ஆம் ஆண்டு சென்னை ஜார்ஜ் டவுனில் பிறந்தார். அவருடைய முன்னோர் தஞ்சை மராட்டிய மன்னர் அவையில் இசையாலும் ஆடலாலும் வாழ்ந்தவர்கள். தஞ்சை அரசு மறைந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்குடும்பம் சென்னைக்கு வந்து சேர்ந்தது. அவ்வீட்டார் தம் பெயருக்கு முன் இட்டுக்கொண்ட முதலெழுத்து தந்தையின் பெயரைக் குறிப்பதன்று. தஞ்சாவூர் என்னும் ஊரைக் குறிப்பது. குடிவழி தாயிடமிருந்து மகளுக்கும், மகளிடமிருந்து பேத்திக்கும் சென்றது. பிற வீடுகளில் மகன் பிறந்தால் விளக்கேற்றினர் என்றால், இவ்வீட்டில் மகள் பிறந்தால் விளக்கேற்றினர்.

தனம்மாளின் பாட்டி காமாட்சியம்மாள் ஆடலில் வல்லவர். தாய் சுந்தரம்மாள் பாடலில் வல்லவர். சியாமா சாஸ்திரியின் மகனார் சுப்பராய சாஸ்திரியிடம் பயின்றவர். இங்கே காஞ்சியார் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. சியாமா சாஸ்திரியின் குடும்பத்தார் தஞ்சையில் வழிபட்டு வந்த தெய்வம் பங்காரு காமாட்சி. போர்க்கலக்கம் மிகுந்த காலத்தில் காஞ்சியிலிருந்து பாதுகாப்பாக வெளியே கொண்டு செல்லப்பட்டுத் தஞ்சையைச் சேர்ந்த பொற்படிமம் அது என்பது வழிவழி வரும் மரபு. காஞ்சியை விட்டுச் சென்ற காமாட்சியின் முன்னிலையில் வளர்ந்த இசை, தஞ்சையிலிருந்து சென்னைக்குச் சென்று, பிறகு ஒரு சிறுமியின் சலங்கையோடு காஞ்சிக்கே திரும்பியது எனலாம்.

தாயும் பாட்டியும் ஊட்டிய இசையோடு தனம்மாள் நிறைவு கொள்ளவில்லை. முத்துசாமி தீட்சிதரின் கிருதிகளைச் சாத்தனூர் பஞ்சநத ஐயரிடம் கற்றார். க்ஷேத்ரக்ஞரின் பதங்களைக் கண்பார்வை அற்றவராகிய வாலாஜாபேட்டை பாலதாசரிடம் பாடம் கேட்டார். ஏட்டைப் பார்த்துக் கற்பது அல்ல அந்தப் பாடம். ஒருவர் நெஞ்சிலிருந்து மற்றொருவர் நெஞ்சுக்கு நேரே செல்வது. பிற்காலத்தில் தனம்மாளின் கண்பார்வையும் மங்கியது. அப்போது அவர்க்குக் குறை ஏதும் நேரவில்லை. கற்ற அனைத்தும் விரல் நுனியிலும் நினைவிலுமே இருந்தன.

ஜார்ஜ் டவுனில் இராமகிருஷ்ண செட்டித் தெருவில் அமைந்த அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் வீணை ஒலிக்கும். மிருதங்கம் இல்லை, வேறு பக்கவாத்தியம் இல்லை. வீணையும், அதனோடு இழைந்து வரும் அவருடைய மெல்லிய குரலும் மட்டுமே. அக்காலத்துப் பெரும் வித்துவான்கள் அந்தச் சிறு கூடத்தில் வந்து தரையில் அமர்ந்து கேட்டனர். கூடத்தில் சிறு சலசலப்பும் எழாது. உரக்க மீட்டி அவையைக் கவர்வது அவர் வழக்கமன்று. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்திற்குச் செல்லும் இடைவெளியில்தான் இசை வாழ்கிறது என்பது அவர் வாசிப்பு உணர்த்திய பாடம். சொல்லாமல் விடுவதன் வலிமையைக் கவிஞர்கள் நன்கறிவர். அதே வலிமையை வீணையில் அறிந்தவர் தனம்மாள்.

புகழ் இருந்த அளவிற்குப் பொருள் இல்லை. பெரிய குடும்பம், கடன் சுமை, இருந்தும் தம் இசையின் தரத்தை அவர் விலைக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளவில்லை. 1930களின் தொடக்கத்தில் பதிவான சில இசைத்தட்டுகளே அவர் விரலின் ஒலியை இன்றைக்கும் நமக்குத் தருகின்றன. இராஜலட்சுமி, இலட்சுமிரத்தினம், ஜெயம்மாள், காமாட்சி என்று அவர்க்கு நான்கு மகளிர். நால்வரும் இசையிலேயே வளர்ந்தவர்கள். 1938ஆம் ஆண்டு அக்டோபரில் தனம்மாள் மறைந்தபோது, அவர் விட்டுச் சென்ற செல்வம் இந்த மகளிரிடமும் அவர்தம் மக்களிடமும் நினைவாகவே இருந்தது.

அச்சமும் அன்பே

இத்தகைய கலைச்செல்வியார் தம் பேத்தி ஆடுவதற்கு ஏன் தயங்கினார்? பாட்டியார் ஆடலை வெறுத்தவர் அல்லர். அவருடைய பாட்டியே ஆடியவர்தாம். தயக்கத்திற்குக் காரணம் கலையில் இல்லை, காலத்தில் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே சதிராட்டத்திற்கு எதிரான இயக்கம் சென்னையில் எழுந்துவிட்டது. கோயிலிலும் அரண்மனையிலும் மதிப்புடன் ஆடிய மகளிரின் பெயர் பழிச்சொல்லாக மாறியது. பொட்டுக்கட்டும் வழக்கத்தால் சிறுமியர் பலருடைய வாழ்வு சீரழிந்ததும் மறுக்கவியலாத உண்மை. அவ்வழக்கை ஒழிக்கச் சட்டமன்றத்தில் குரல் எழுப்பிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாயாரும் இசைவேளாளர் குலத்தவரே. அதே துன்பத்தைத் தம் வாழ்விலேயே கண்டு போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்னும் நாவலையே எழுதினார். 1947ஆம் ஆண்டில் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. பெண்களின் விடுதலைக்கு அச்சட்டம் தேவையாக இருந்தது.

ஆயினும் வழக்கத்தை ஒழிக்க எழுந்த காற்று, விளக்கையும் சேர்த்து அணைக்கும் நிலை வந்தது. மகளிரை இழிவினின்று மீட்பது ஒன்று. அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த கலையை இழிவென்று ஒதுக்குவது வேறொன்று. அன்றைய சமுதாயம் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. இசைக்கு ஓரளவு மதிப்பு எஞ்சியிருந்தது. பாடும் பெண்ணையும் வீணை மீட்டும் பெண்ணையும் அவை கைகூப்பியது. ஆடும் பெண்ணை மட்டும் அதே அவை வேறு கண்ணால் பார்த்தது.

இதனை முற்றும் அறிந்தவர் தனம்மாள். பேத்தி ஆடினால் அவள் கலையைக் காண்பதற்கு முன் அவள் குலத்தைக் காண்பார்கள் என்பது அவருடைய அச்சம். சித்திராபதியின் காலத்தில் ஆடாமல் இருப்பது குலத்திற்கு இழிவு. தனம்மாளின் காலத்தில் ஆடுவதே பெண்ணுக்கு இழிவு. சித்திராபதி குலத்தின் பெயரை எண்ணி அழைத்தாள். தனம்மாள் குழந்தையின் பெயரை எண்ணித் தயங்கினார். பாட்டிமார் தடுப்பதெல்லாம் பழமைப் பற்றினால் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தாம் பட்ட காயம் பேத்திக்கு வேண்டாம் என்னும் பரிவும் அத்தடையில் உண்டு.

தாயின் துணிவு

பாலா 1918ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் பிறந்தார். நடை பழகும் பருவத்திலேயே, தெருவில் ஆடிப் பாடி இரந்து வந்த ஒருவரைக் கண்டு, அவரோடு சேர்ந்து தானும் ஆடத் தொடங்கிவிடுவாராம். மயிலைக் கபாலீசுவரர் கோயிலோடு தொடர்புடைய கௌரி அம்மாளின் ஆடலைக் கண்ட நாள்தொட்டு, அதே நினைவாகவே இருந்தார். குழந்தையின் ஆர்வத்தைக் கண்டு நகைப்பது எளிது. அதட்டி அடக்குவது அதனினும் எளிது. ஜெயம்மாள் இரண்டையும் செய்யவில்லை. அவர் அதனை உற்று நோக்கினார்.

ஜெயம்மாளின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். ஒருபுறம் தாய், அவரிடம் கற்றதே தம் இசை, அவர் சொல்லைக் கடப்பது அவ்வீட்டில் சிறு செயலன்று. மறுபுறம் மகள்; அவள் உடலில் தானே ஊறி வரும் ஆடல். சமுதாயம் இகழும் என்பது தாய் சொன்ன உண்மை. கலை காத்திருக்காது என்பது மகள் காட்டிய உண்மை. இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் நின்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் அவர்.

அவர் மகளைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் தாயைத் துறக்கவில்லை. இதுவே ஜெயம்மாளின் பெருமை. தஞ்சை நால்வர் வழிவந்த நட்டுவனார் கந்தப்பப் பிள்ளையிடம் மகளை ஒப்படைத்தார். அவர் கண்டிப்பிற்குப் பெயர் பெற்றவர். நான்கு வயதில் பயிற்சி தொடங்கியது. சிலப்பதிகார மாதவி ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள். பாலா நான்கில் தொடங்கி ஏழில் அரங்கேறினார். ஆடலை ஆசானிடம் கற்கும் அதே காலத்தில், வீட்டில் தாயிடம் இசையைக் கற்றார். பாட்டியின் வீணையொலி சூழ்ந்த வீட்டிலேயே வளர்ந்தார். ஆடற்பெண்ணாக ஆவதற்கு முன் அவள் இசைப்பெண்ணாக ஆகவேண்டும் என்பது ஜெயம்மாள் வகுத்த நெறி. தாய் தடுத்த ஆடலைத் தாய் தந்த இசையின் மீதே கட்டி எழுப்பினார் அவர். மறுப்பவரின் செல்வத்தைக் கொண்டே மறுப்பை வெல்லும் இவ்வழி, அறிவாலும் அன்பாலும் மட்டுமே இயல்வது.

காஞ்சி தந்த அரங்கு

இந்த முடிவின் முதற் சோதனை சென்னையில் நிகழவில்லை, காஞ்சியில் நிகழ்ந்தது. அக்காலத்துக் காஞ்சி இசைக்கும் பெரிய ஊர். இங்கே வாழ்ந்த தனகோடி அம்மாளும் அவர் தமக்கை காமாட்சி அம்மாளும் பாட்டில் பெயர் பெற்ற சகோதரியர். காமாட்சி அம்மாளின் மகனே காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை. 1889இல் பிறந்து 1934இல் மறைந்த அப்பெருமகனார் தாள நுட்பத்தில் இணையற்றவர் என்று போற்றப்பட்டவர். சித்தூர் சுப்பிரமணியப் பிள்ளை முதலான சிறந்த மாணாக்கர்களை உருவாக்கியவர். அவருடைய இசையும் தாய்வழி வந்த செல்வமே என்பது இங்கு எண்ணத்தக்கது.

தனம்மாளின் வீட்டிற்கும் காஞ்சிக்கும் தொடர்பு ஒன்றன்று. ஜெயம்மாளின் தங்கை காமாட்சியின் மகளிர் பிருந்தா, முக்தா இருவரும் நாயனாப் பிள்ளையிடம் பயின்றவர்கள். பாட்டியின் மெல்லிசை நுட்பமும் காஞ்சியின் தாள உறுதியும் அவர்கள் பாட்டில் ஒன்றுகூடின. பிற்காலத்தில் பாலாவின் அரங்குகளுக்கு நட்டுவாங்கம் செய்தவர்களுள் ஒருவர் காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளை. ஆக, ஒரு பேத்தி அரங்கேறிய ஊர். இரு பேத்தியர் கற்ற ஊர். ஆடற்குத் துணை நின்ற நட்டுவனாரைத் தந்த ஊர். சென்னையில் பிறந்த ஒரு குடும்பத்தின் மூன்றாம் தலைமுறைக்குக் காஞ்சி இவ்வளவையும் செய்திருக்கிறது.

மணிமேகலைக்குக் காஞ்சி, தான் தேர்ந்துகொண்ட நெறியை நிறைவு செய்த இடம். பாலாவுக்குக் காஞ்சி, தாய் தேர்ந்துகொடுத்த நெறியில் முதலடி வைத்த இடம். அந்த முதலடி தளர்ந்திருந்தால், தாயின் துணிவு வெறும் பிடிவாதமாக எஞ்சியிருக்கும். தளரவில்லை. 1933இல் சென்னை மியூசிக் அகாதெமியில் ஆடினார். 1934இல் கல்கத்தாவில் ஆடித் தென்னாட்டு ஆடலை வடபுலத்தார் அறியச் செய்தார். பாட்டியார் மறைந்தபோது பேத்திக்கு வயது 20. அதற்குள் அவள் ஆடற்கலையில் தன் இடத்தைப் பெற்றுவிட்டாள். பாட்டியின் அச்சத்திற்குப் பேத்தி தந்த மறுமொழி அது.

தாய் பாட, மகள் ஆட

மகளை ஆசானிடம் சேர்த்ததோடு தாயின் கடமை முடிந்துவிடவில்லை. பல்லாண்டுகள் ஜெயம்மாளே மகளின் ஆடலுக்குப் பாடினார். அரங்கில் மகள் நடுவில் நிற்பாள். தாய் ஓரத்தில் அமர்ந்திருப்பார். பார்ப்பவர் கண்கள் மகள் மேல் இருக்கும். ஆனால் அந்த ஆடலின் உயிர் தாயின் குரலில் இருந்தது.

பதம் என்னும் இசைப்பாடலின் இயல்பை அறிந்தோர் இதனை எளிதில் உணர்வர். பதத்தில் ஒரே அடி மீண்டும் மீண்டும் பாடப்படும். ஒவ்வொரு முறையும் ஆடுபவர் அதற்குப் புதியதொரு பொருள் காட்டுவார். தலைவி ஊடுகிறாள், நகைக்கிறாள், ஏங்குகிறாள், தன்னையே கடிந்துகொள்கிறாள். சொல் மாறுவதில்லை, மெய்ப்பாடு மாறுகிறது. பாடுபவர் அந்த மாற்றத்தை முன்னுணர்ந்து இசையைச் சிறிதே வளைத்துத் தரவேண்டும். முந்தினாலும் கெடும், பிந்தினாலும் கெடும். மகளின் கண் இமைப்பதற்கு முன் அவள் உள்ளத்தை அறிவது ஒரு தாய்க்கு இயல்பு. ஜெயம்மாள் அந்த இயல்பையே கலையாக்கினார். க்ஷேத்ரக்ஞரின் தெலுங்குப் பதங்களோடு, கனம் கிருஷ்ணையர், வைத்தீசுவரன்கோயில் சுப்பராமையர் ஆகியோரின் தமிழ்ப் பதங்களும் அவ்வீட்டில் காக்கப்பட்டன. அகப்பொருள் மரபின் ஒரு கிளை ஏட்டில் அன்று, இந்த மகளிரின் நாவில் உயிரோடு இருந்தது என்பதைத் தமிழ் பயில்வோர் மறத்தலாகாது.

இசையும் ஆடலும் வேறல்ல என்பதே பாலா வாழ்நாள் முழுதும் வற்புறுத்திய கருத்து. ஆடுபவள் பாடவும் அறியவேண்டும் என்றார். தாமே பாடியும் ஆடினார். 1975இல் தமிழ் இசைச் சங்க விழாவிற்குத் தலைமை ஏற்று ஆற்றிய உரையில், பரத நிகழ்ச்சியின் அமைப்பினைக் கோயில் அமைப்போடு ஒப்பிட்டார். அலாரிப்புக் கோபுரமாகவும், அடுத்தடுத்த உருப்படிகள் மண்டபங்களாகவும், பதம் கருவறையின் தண்மையாகவும் அமதியாகவும் அவர் பேச்சில் விளங்கின. கோயில் நகராகிய காஞ்சியில் முதலடி வைத்த ஒருவர் இவ்வாறு கூறியது பொருத்தமே. அந்தக் கருவறையின் அமைதி பாட்டியின் வெள்ளிக்கிழமைக் கூடத்தின் அமைதியே அன்றோ? ஆடலைத் தடுத்த பாட்டியின் வீணை, பேத்தியின் ஆடலில் உள்ளொலியாக வாழ்ந்தது. அதனை அங்கே கொண்டு சேர்த்தவர் ஜெயம்மாள்.

மகளுக்கு மட்டுமா அவர் தாய்? புல்லாங்குழலில் பெயர் பெற்ற விசுவநாதனும், மிருதங்கத்தில் பெயர் பெற்ற இரங்கநாதனும் அவர் மைந்தர்கள். விசுவநாதன் திருப்பாம்புரம் சுவாமிநாதப் பிள்ளையிடமும், இரங்கநாதன் பழனி சுப்பிரமணியப் பிள்ளையிடமும் பயின்றனர். இருவரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தென்னிசையைக் கற்பித்தனர். பாலா 1961இல் டோக்கியோவிலும் 1962இல் அமெரிக்காவிலும் ஆடினார். ஜார்ஜ் டவுன் கூடத்தில் ஒலித்த இசை கடல் கடந்து சென்றது. 1967ஆம் ஆண்டு ஜெயம்மாள் மறைந்தார். மகள் 1973இல் சங்கீத கலாநிதி விருது பெற்றபோதும், 1976இல் சத்யஜித் ராய் 'பாலா' என்னும் ஆவணப்படம் எடுத்தபோதும், 1977இல் பத்ம விபூஷண் பெற்றபோதும், அதனைக் காணத் தாய் இல்லை.

பாலா 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் மறைந்தார். அவருடைய மகள் இலட்சுமி தாயின் ஆடலைத் தொடர்ந்து, 2001இல் மறைந்தார். இலட்சுமியின் மைந்தர் அனிருத்தா அவ்வழியில் வந்த ஆடற்கலைஞர். தாய்வழியாகவே நடந்து வந்த விளக்கு ஒரு மகனின் கைக்கும் வந்தது.

கோர்வையின் பெருமை

காஞ்சியில் பிறந்தோர்க்குக் கோர்வைச் சேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உடல் ஒரு நிறம். கரை வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடும்; தறியில் அமர்ந்தவர்க்குத் துணையாக இன்னொருவர் கரை நாடாவைத் தள்ளித் தருவார். ஒவ்வோர் ஓட்டத்திலும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். சேலை நைந்தாலும் கரை பிரியாது என்பது இவ்வூர் வழக்கு. கடையில் சேலையை விரிப்போர் உடலின் நிறத்தைப் புகழ்வர். கரையின் அழகைப் புகழ்வர். இரண்டையும் பிடித்து நிற்கும் கோர்வையைப் புகழ்வோர் அரியர். நெய்தவர் கண்ணுக்கு மட்டுமே அது தெரியும்.

2010ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய அஞ்சல் துறை தென்னகக் கலைஞர்களுக்குச் சிறப்பு அஞ்சல் தலைகள் வெளியிட்டது. வீணை தனம்மாளுக்கு ஒன்று, பாலசரசுவதிக்கு ஒன்று. பாட்டியும் பேத்தியும் ஒரே நேரத்தில் அப்பெருமையைப் பெற்றனர். மகிழத்தக்க செய்தி. ஆனால் அவ்விரண்டு தலைகளுக்கும் நடுவில் மூன்றாவது முகம் ஒன்று இல்லை. பாட்டியிடமிருந்து பெற்றுப் பேத்தியிடம் கொடுத்தவர், தடையையும் மதித்துக் கனவையும் காத்தவர், ஓரத்தில் அமர்ந்து பாடியவர் அங்கே இல்லை. கோர்வை கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இவ்வவையில் உள்ள ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு ஜெயம்மாள் இருந்திருப்பார். பாட்டனார் பெயரையும் முப்பாட்டனார் பெயரையும் தடையின்றிச் சொல்பவர்கள், தாயைப் பெற்ற தாயின் தாய் யார் என்று கேட்டால் தயங்கி நிற்பதைக் காண்கிறோம். பெயரே நினைவில் இல்லை என்றால், அவர் பாடிய தாலாட்டும், எடுத்த முடிவும், விழுங்கிய துயரமும் எங்கே நினைவில் இருக்கும்? தஞ்சாவூர்க் குடும்பத்து மகளிர் தாய்வழியே பெயர் சொல்லி வாழ்ந்ததால், ஐந்தாறு தலைமுறைப் பெண்களின் பெயர்கள் இன்று நமக்குத் தெரிகின்றன. உலகம் எந்தக் குலத்தை இகழ்ந்ததோ, அந்தக் குலமே தன் தாய்மாரின் பெயர்களை மறவாமல் காத்தது. இகழ்ந்த வீடுகளில் அப்பெயர்கள் அழிந்துபோயின. இது நாம் அனைவரும் நாணி எண்ணத்தக்க உண்மை.

கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோளுடன் இவ்வுரை நிறைவு பெறுகிறது. அன்னையைத் தெய்வம் என்று பாடும் கவிதைகள் தமிழில் நிறைய உண்டு. தெய்வம் என்று பாடிவிட்டால் அவர்க்குப் பெயர் தேவையில்லை, ஊர் தேவையில்லை, அவர் எடுத்த முடிவுகளை எண்ணிப் பார்க்கவும் தேவையில்லை. அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்தார் தத்தம் தாயை, பாட்டியை, பெயர் சொல்லிப் பாடுங்கள். அவர்கள் எதற்கு அஞ்சினார்கள், எதைத் துணிந்தார்கள் என்று எழுதுங்கள். காஞ்சியில் ஏழு வயது மகளின் காலில் சலங்கை ஒலித்த அந்நாளில் ஜெயம்மாளின் நெஞ்சில் அச்சமும் இருந்திருக்கும், துணிவும் இருந்திருக்கும். அச்சம் தம் தாயிடமிருந்து வந்தது. துணிவு அவருடையதே. இரண்டையும் சேர்த்துக் கோத்தமையால்தான் அந்தச் சலங்கை இன்றும் ஒலிக்கிறது.